துடிப்பு பார்த்துத் திறக்கும் கதிர்

மருத்துவமனைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்’ என்று போட்டிருக்கும். வார்டிலும் கேண்டீனிலும் நான் ‘பாட்ஜ் சார்’. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே, சி.டி., கேத் லேப் ஆட்களிடமிருந்து பழைய டி.எல்.டி. பாட்ஜைப் பிடுங்கிக்கொண்டு புதியதைக் கையில் திணிப்பவன் என்பதால் வந்த பெயர். கிண்டியில் மருத்துவ இயற்பியல் படித்து முடித்துக் கோவைக்கு வந்தபோது இந்தப் பெயர் பிடிக்கவில்லை. இப்போது யாராவது முழுப் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

பாட்ஜ் என்பது சட்டையில் மாட்டும் சின்ன பிளாஸ்டிக் கூடு. உள்ளே மூன்று வட்டத் தகடுகள் இருக்கும். கால்சியம் சல்பேட்டில் துளி டிஸ்ப்ரோசியம் சேர்த்து, டெஃப்லானோடு அழுத்திச் செய்தவை. ஒன்றின் மேல் செம்பும் அலுமினியமும் மூடியிருக்கும், இன்னொன்றின் மேல் பிளாஸ்டிக் மட்டும், மூன்றாவது திறந்தபடி. கதிர் பட்டால் அந்த ஆற்றலைத் தகடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடுபடுத்தும்போது அதை ஒளியாகக் கக்கும். எவ்வளவு ஒளி என்பதிலிருந்து எவ்வளவு கதிர் என்று கணக்கிடுவார்கள். மூன்று தகடுகளும் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் ஒளிர்கின்றன என்பதைப் பார்த்து, பட்டது என்ன வகைக் கதிர் என்றும் ஓரளவு சொல்லிவிடலாம்.

பாட்ஜ் அறிக்கையில் பெரிய எண் வந்தால்தான் எல்லோரும் பதறுவார்கள். எனக்குச் சந்தேகம் வருவது சைபரைப் பார்த்தால். தினமும் ஆஞ்சியோ செய்கிற ஒருவருக்கு வருஷம் முழுக்கச் சைபர் வருகிறது என்றால் பாட்ஜ் மேஜை டிராயரில் தூங்குகிறது என்று அர்த்தம். ஒரு மூத்த இதய மருத்துவர் அந்தச் சைபரையே தன் பாதுகாப்புக்குச் சான்றாக எனக்குக் காட்டியிருக்கிறார். இதற்கு நேர்மாறும் உண்டு. ஈய ஏப்ரனைக் கழற்றி கேத் லேப் அறைக்குள்ளேயே ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, அதிலேயே பாட்ஜையும் விட்டுப் போய்விடுவார்கள். அடுத்த கேஸ், அதற்கடுத்த கேஸ் எல்லாவற்றின் கதிரும் ஆளில்லாத அந்த ஏப்ரன் மேல் விழுந்து, மூன்று மாதம் கழித்து அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு விளக்கம் எழுதும் வேலை என் தலையில் விழும். 1983இல் அமைந்த அந்த வாரியத்தின் கணக்கு இதுதான்: பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு தனி வருஷத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. பல நாடுகள் தனி வருஷத்துக்கு 50 வரை விடுகின்றன. நம் ஊர்ச் சட்டம் அதைவிடக் கறார். அதைக் கறாராக எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, விளக்கம் எழுதும் இரவுகளைத் தவிர.

இதயத்துக்குக் குழாய் விட்டு ஆஞ்சியோ செய்யும் கேத் லேப்பில் எக்ஸ்ரே டியூப் மேஜைக்கு அடியில் இருக்கும். கதிர் கீழிருந்து மேலே போகிறது. டாக்டர் மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் மோதிச் சிதறி வருவது. டியூபைத் தாங்கும் சி-ஆர்ம் வளைவை எல்.ஏ.ஓ. கோணத்துக்கு, அதாவது படம் பிடிக்கும் தட்டு நோயாளியின் இடப்பக்கம் போகும்படி, சாய்த்தால் டியூப் டாக்டர் நிற்கும் பக்கம் வந்துவிடும், சிதறலும் அந்தப் பக்கமே கூடும். இடது கால், இடது கை, இடது கண் என்று அவருடைய இடப்பக்கம்தான் அதிகம் வாங்கும். ஈய ஏப்ரன் நெஞ்சைக் காக்கும், கண்ணைக் காக்காது. பன்னாட்டு அணுசக்தி முகமை பொகோட்டாவிலும் மோண்டெவிடியோவிலும் கேத் லேப் ஆட்களின் கண்களைப் பரிசோதித்தது. 2010இல் வெளியான முடிவில், இதய மருத்துவர்களில் 38 சதவீதம் பேரின் கண் லென்ஸின் பின்பக்கத்தில் கதிரால் வரக்கூடிய மாதிரியான மங்கல் இருந்தது. கதிரோடு வேலை செய்யாதவர்களிடம் அது 12 சதவீதம். அடுத்த வருஷமே பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் கண் லென்ஸுக்கான வருட வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20க்கு இறக்கப் பரிந்துரைத்தது. இந்த எண்களைச் சொன்ன பிறகுதான் எங்கள் டாக்டர்கள், கூரையிலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடியைக் கீழே இழுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் அது ஒரு ஓரமாக, மாலை போடாத குறையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பாதுகாப்பு என்றால் ஈயம் என்ற எண்ணம் நோயாளிகளின் உறவினர்களிடமும் உண்டு. “வயித்து மேல ஒரு ஏப்ரன் போட்டு விடுங்க சார்” என்று கேட்பார்கள். 2019இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இந்த வழக்கத்தையே கைவிடச் சொல்லிவிட்டது. உள்ளே சிதறும் கதிரை வெளியே போட்ட ஈயம் தடுக்காது. தப்பித் தவறி அது படத்துக்குள் வந்துவிட்டால் இயந்திரம் ‘ஆள் கனமானவர்’ என்று நினைத்துக் கதிரைக் கூட்டிவிடும். இதைப் பொறுமையாகச் சொன்னாலும் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். சில நேரம் போட்டுவிட்டுப் போகலாமே என்று எனக்கே தோன்றும். போட்டதில்லை.

இந்தத் தொழிலில் கதிரைக் குறைத்தது எது என்று என்னைக் கேட்டால் ஈயத்தைச் சொல்ல மாட்டேன். நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டைகளைச் சொல்வேன்.

64 ஸ்லைஸ் சி.டி. எங்களிடம் வந்த காலத்தில், இதயத்தின் ரத்தக் குழாய்களை ஊசி மட்டும் போட்டுப் படமெடுக்கலாம் என்பதே ஆச்சரியமாக இருந்தது. தொடை வழியாகக் குழாய் விட வேண்டாம், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். கஷ்டம் இதயம் ஓயாமல் ஆடுகிறது என்பது. சி.டி. வளையம் ஒரு சுற்றுச் சுற்ற 350 மில்லிசெகண்ட் என்றால், ஒரு படத்துக்குப் பாதிச் சுற்று, 175 மில்லிசெகண்ட் வேண்டும். அந்த நேரத்துக்கு இதயம் ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 துடிப்பு உள்ளவருக்கு ஒரு துடிப்பிலிருந்து அடுத்ததற்கு 1,000 மில்லிசெகண்ட். அதில் முக்கால் பங்கு கழிந்த இடத்தில், இதயம் ரத்தத்தை வாங்கிக்கொண்டு சற்றே ஓய்ந்திருக்கும் ஒரு சின்ன இடைவெளி வரும். துடிப்பு 80, 90 என்று ஏறினால் முதலில் சுருங்குவது அந்த ஓய்வுதான். அதனால்தான் படத்துக்கு முன்னால் மெட்டோப்ரலால் கொடுத்துத் துடிப்பை 65க்குக் கீழே கொண்டுவரப் பார்க்கிறோம்.

அந்த ஓய்வு எப்போது வருகிறது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இ.சி.ஜி.யில் ஊசி போல எழும் ஆர் அலையைப் பிடித்துத்தான். ஆரம்பத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறையில் இயந்திரம் எதையும் யோசிக்காது. துடிப்பு முழுவதும் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும், மேஜை மெல்ல நகரும். ஒரு சுற்றுக்கு, கற்றையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரம்தான் நகர்வு. அதாவது இதயத்தின் ஒவ்வொரு துண்டும் கிட்டத்தட்ட ஐந்து முறை கதிரில் நனையும். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஓய்வு நேரத்துப் படத்தை மட்டும் பொறுக்கி எடுப்போம். மற்றது வீண். பந்தியில் ஐந்து இலை போட்டு ஒரே இலையில் சாப்பிட்டு எழுந்துபோவது போன்ற வேலை.

அது எவ்வளவு வீண் என்பதை உலகத்துக்கு எண்ணாகக் காட்டியது 2009இல் வெளியான ‘புரொடெக்‌ஷன்’ ஆய்வு. 2007இல் 50 மையங்களில் எடுத்த கணக்கு அது. ஒரு ஸ்கேனில் மொத்தம் எவ்வளவு கதிர் விடப்பட்டது என்பதைச் சொல்லும் எண் டி.எல்.பி. ஒரு இதய சி.டி.க்கு அதன் இடைநிலை மதிப்பு 885, அதாவது சுமார் 12 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு மனிதருக்கு வருஷம் முழுக்கச் சேரும் இயற்கைக் கதிர் உலகச் சராசரியில் 2.4தான். ஐந்து வருஷத்து இயற்கைக் கதிர் சில நொடிகளில். அதைப் படித்த பிறகு எங்கள் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டினேன். ஆயிரத்தைத் தாண்டிய டி.எல்.பி. எங்களிடமும் சாதாரணமாக இருந்தது. யாரும் அந்த எண்ணைப் பார்த்ததில்லை. படம் நன்றாக வந்ததா என்பதே கேள்வி.

மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஒருமுறை, “எங்க ஊரு மணல்லயே கதிர் உண்டு, எங்களுக்கு இது என்ன பெரிசு?” என்று சிரித்தார். அவர் சொன்னதில் பாதி சரி. அந்தக் கரையின் கருமணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் இதே மாதிரி மண்ணில் வாழ்பவர்களைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வில், புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் அதை நான் நோயாளிக்கு ஆறுதலாகச் சொல்வதில்லை. வருஷம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வருவதையும் ஒரே மூச்சில் நெஞ்சுக்குள் விடுவதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

துடிப்பு முழுவதும் கதிர் விடும் அந்தப் பழைய முறைக்கு மாற்று வழி, இ.சி.ஜி.யை முன்கூட்டியே நம்புவது. கடந்த சில துடிப்புகளைப் பார்த்து, அடுத்த ஆர் அலை எப்போது, அதன் முக்கால் பங்கு எப்போது என்று இயந்திரம் கணிக்கும். அந்த நேரத்தில் மட்டும் கதிரைத் திறக்கும், மூடும், மேஜை ஒரு தாவு தாவும், மறுபடி திறக்கும். கதிர் கடகடவென்று இறங்கிவிடும். ஆனால் இப்போது பாரம் முழுக்க இ.சி.ஜி.யின் மேல். பழைய முறையில் சிக்னல் சொதப்பினால் பிறகு உட்கார்ந்து திருத்தலாம். இங்கே தப்பான நேரத்தில் திறந்துவிட்டால் கதிரும் போச்சு, படமும் போச்சு. பல டாக்டர்கள் பழைய முறையை விடத் தயங்கியதற்குக் காரணம் அந்தப் பயம். அது நியாயமான பயம்.

அந்தப் பயத்தைத் தீர்க்கும் வேலை எனக்குப் பிடித்த வேலை. எம்.எஸ்சி. புராஜெக்டில் நான் செய்தது ஆர் அலையைப் பிடிக்கும் நிரல்தான். விஸ்கான்சினில் ஜியாபு பானும் வில்லிஸ் டாம்ப்கின்ஸும் 1985இல் எழுதிய முறை இன்றும் மாணவர்கள் முதலில் கற்பது. முதலில் வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டுவார்கள். மூச்சின் ஏற்ற இறக்கம், தசை நடுக்கம், மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லாம் போய்விடும். பிறகு அலை எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று பார்த்து, அதை வர்க்கமாக்கி, ஒரு சின்ன ஜன்னல் அளவுக்குக் கூட்டுவார்கள். எல்லைக்கோட்டை முந்தைய துடிப்புகளுக்கு ஏற்ப ஏற்றி இறக்குவார்கள். எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விதி. ஒரு ஆர் அலைக்குப் பின் 360 மில்லிசெகண்டுக்குள் இன்னொரு மேடு வந்தால் உடனே நம்பாதே, அதன் சரிவு முந்தையதில் பாதிகூட இல்லை என்றால் அது ஆர் அலைக்குப் பின்னால் வரும் டி அலை, தள்ளிவிடு. நான் பரிசோதித்துப் பார்த்தது பாஸ்டனில் 1975 முதல் 1979 வரை எடுத்த இ.சி.ஜி. பதிவுகளிலிருந்து தொகுத்த எம்.ஐ.டி.-பி.ஐ.எச். தொகுப்பில். அரை மணி நேரப் பதிவுகள் 48. அதில் 108ஆம் எண் பதிவு எல்லோரையும் படுத்தும், அதில் ஆர் அலைக்கு முன்னால் வரும் பி அலைகள் ஊசி போல உயரமானவை. என் நிரலும் அதில்தான் தலைகுப்புற விழுந்தது.

நிரல் நன்றாக இருந்தாலும் நெஞ்சில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது வேறு கதை. நெஞ்சுவலி என்று வருபவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே தைலத்தைத் தேய்த்துவிட்டு வருவார்கள். தேங்காய் எண்ணெய், விபூதி, வேர்வை. பட்டை ஒட்டும், கொஞ்ச நேரத்தில் ஓரம் தூக்கும், கோடு நடுங்கும். சி.டி. அறையின் குளிரில் நோயாளிக்கு நடுக்கம் எடுத்தால் தசைச் சிக்னல் மேலே ஏறிக்கொள்ளும். ஊசி மருந்து உள்ளே போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், முன்னாலேயே சொல்லாவிட்டால் திடுக்கிட்டுத் துடிப்பு ஏறும். இதற்கெல்லாம் பெரிய மருந்து கிடையாது. ஸ்பிரிட் வைத்து அழுத்தித் துடைப்பது, முடியை மழிப்பது, உலர்ந்துபோன பட்டையைத் தூக்கிப் போடுவது, கையைத் தலைக்கு மேல் வைத்த பிறகு கோட்டை மறுபடி பார்ப்பது, மூச்சைப் பிடித்துப் பழக்கிப் பார்ப்பது. இவ்வளவுதான். இவை எந்தக் கருத்தரங்கிலும் பேசப்படுவதில்லை, ஸ்லைடில் போட அழகாக இல்லை என்பதாலோ என்னவோ.

ஒரு நாள் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் மேஜையில் படுத்திருந்தார். “ஏனுங்க தம்பி, இந்த வளையத்துக்குள்ள போனா கரண்டு அடிக்காதுங்களே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரையில் துடிப்பு 124. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. பழைய முறைக்கு மாற்றி முழுக் கதிரோடு எடுத்துவிடலாம் என்று பணியில் இருந்த டாக்டர் சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் எங்கள் மூத்த ரேடியோகிராபர் அக்கா அதற்குள் உள்ளே போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். “சார், கையில அறுபத்திரண்டுதான் இருக்கு. மிஷின் ஒண்ணை ரெண்டா எண்ணுது.” திரையைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அவருக்கு டி அலை ஆர் அலை உயரத்துக்கு எழுந்து நின்றது. இயந்திரம் இரண்டையும் எண்ணி இரட்டிப்பாக்கியிருந்தது. இன்னொரு மாத்திரை போட்டிருந்தால் உண்மையில் 62 இருந்தவரின் துடிப்பு எங்கே போயிருக்கும் என்பது தனிக் கவலை. அக்கா பட்டைகளைக் கொஞ்சம் இடம் மாற்றி ஒட்டி, வேறு லீடைத் தேர்ந்தெடுத்தார். டி அலை தணிந்தது, எண் 62 ஆனது, சில நொடி மட்டும் கதிர். அதற்குப் பிறகு திரையில் எண் என்ன காட்டினாலும் மணிக்கட்டைப் பிடிப்பது எங்கள் துறையில் விதி. எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எழுதியது நான், கண்டுபிடித்தது அவர்.

துடிப்பைக் கணித்துத் திறக்கும் இந்த முறை எல்லோருக்கும் நடக்காது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரின் துடிப்பு ஒன்றுபோல ஒன்று இருக்காது, கணிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அவர்களுக்கு இதயம் சுருங்கி முடியும் நேரத்தைக் குறிவைப்போம். துடிப்பு வேகமானாலும் அந்த இடைவெளி அவ்வளவாகச் சுருங்காது. நடுவில் வரிசை மீறி முந்திக்கொண்டு ஒரு எக்டோபிக் துடிப்பு குதித்தால் புதிய இயந்திரங்கள் அதை உணர்ந்து, அந்த முறை கதிரைத் திறக்காமல் அடுத்த துடிப்புக்குக் காத்திருக்கின்றன. இன்னொரு ஏற்பாடு ‘பேடிங்’. 75 சதவீதத்தில் மட்டும் திறக்காமல் 70இல் திறந்து 80இல் மூடுவது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் படம் தப்பிக்கும். ஆனால் அந்தக் கூடுதல் ஒவ்வொன்றும் கதிர். சீராக 58இல் துடிக்கும் பெண்ணுக்கும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அகலமாகத் திறந்து வைக்கும் பழக்கத்தோடுதான் எனக்கு நீண்ட சண்டை. மார்பகம் அந்தக் கதிரின் வழியிலேயே இருக்கிறது. இளம்பெண்களுக்கு அந்த ‘எதற்கும்’ மலிவானது இல்லை.

2017இல் ‘புரொடெக்‌ஷன்’ ஆய்வுக் குழுவினர் 32 நாடுகளில் 61 மையங்களில் மறுபடி அளந்தார்கள். டி.எல்.பி. 885 இருந்த இடத்தில் 195. பத்து வருஷத்தில் 78 சதவீதம் குறைவு. இதைச் சொல்லும்போது கைதட்டுவார்கள். எனக்கு அதில் உறுத்துவது இன்னொரு வரி. மிகக் குறைந்த கதிரில் எடுத்த மையத்துக்கும் மிக அதிகக் கதிரில் எடுத்த மையத்துக்கும் இடையே 37 மடங்கு வித்தியாசம் இருந்தது. இயந்திரத்தின் வயது அதில் ஒரு பங்கு. மீதியை அறையில் யார் நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்பது தீர்மானிக்கிறது என்றே நினைக்கிறேன். விலை உயர்ந்த இயந்திரம் வாங்கிய மருத்துவமனைகள் டோஸ் பற்றிய கேள்விக்கு மாடல் பெயரைப் பதிலாகச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

இ.பி. லேபில் இந்தக் கதை இன்னும் தூரம் போயிருக்கிறது. தாறுமாறாக ஓடும் துடிப்பின் மூலத்தைத் தேடி, இதயத்துக்குள் குழாய் விட்டுச் சுடும் அறை அது. ஒரு காலத்தில் அங்கே ஃப்ளோரோஸ்கோபி மிதி எவ்வளவு நேரம் அழுந்தியிருந்தது என்ற எண்ணை எழுதவே கை கூசும். தோல் சிவக்கத் தொடங்கும் 2 கிரே அளவைத் தாண்டுகிறதா என்று நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். 1990களின் பிற்பகுதியில் வந்த முப்பரிமாண மேப்பிங், குழாயின் முனை எங்கே இருக்கிறது என்பதைக் காந்தப் புலத்தால் கண்டு, அந்த இடத்தில் இதயத்தின் சிக்னல் எத்தனை மில்லிசெகண்ட் முந்துகிறது என்பதை நிறமாகப் பூசிக் காட்டியது. எக்ஸ்ரேயில் இதயம் ஒரு சாம்பல் நிழல்தான், சிக்னல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதை அது காட்டவே காட்டாது. இப்போது சில கேஸ்களில் மிதியைத் தொடாமலே வேலை முடிகிறது. எங்கள் இளம் மருத்துவர் ஒருவர் அப்படி முடித்துவிட்டு, “பாட்ஜ் சார், இன்னிக்கு நான் ஏப்ரனே போடலை, திட்டுவீங்களா?” என்று கேட்டார். திட்டினேன். மிதி காலடியில் இருக்கும்வரை, குழாய் வழி தவறினால் யாராவது மிதித்துப் பார்ப்பார்கள். அந்த நொடியில் ஏப்ரனைத் தேடி ஓட முடியாது.

சி.டி. பக்கம் எனக்கு இன்னும் தீராத வேலை ஒன்று உண்டு. கம்பெனிப் பொறியாளர் வந்து மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் போனால், நாங்கள் மாதக்கணக்கில் செதுக்கி வைத்த புரோட்டோகால்கள் சில நேரம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். பேடிங் அகலமாகும், முழுத் துடிப்புக்கும் கதிர் விடும் பழைய முறை பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கும், அவசரத்தில் விரல் முதல் வரியைத்தான் தொடும். படம் பளிச்சென்று வருவதால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அதனால் பொறியாளர் கையெழுத்துப் போட்டுப் போன மறுநாள் காலை, முதல் நோயாளிக்கு முன்னால் அக்காவும் நானும் கன்சோலில் உட்கார்ந்து, எங்கள் நோட்டில் எழுதி வைத்த எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறோம். அரை மணி நேர வேலை. போன முறை மூன்று புரோட்டோகால்கள் மாறியிருந்தன.